கோடு விழாத ஒரு பட்டை: மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் உள்ள மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும், அவர்களுக்காகப் பின்னணிச் சரிபார்ப்பு செய்து கொடுக்கும் முகமைகளுக்கும், வணக்கம்.

நான் பதினெட்டு ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை தேடுவதுதான் என் பிழைப்பு. போன ஆண்டு என்னையே சோதித்தார்கள். அந்தச் சோதனையை நடத்திய விதத்தில் உள்ள பிழையைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன். இதை என் தொழிலின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க வங்கி ஒன்றின் வேலைக்கு என்னை மாற்றினார்கள். வாடிக்கையாளர் நிபந்தனை என்று சொல்லி, பத்து வகைப் போதைப்பொருள் சோதனைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். முதல் மாடி. படியோரம் செருப்புகள், சாமி படத்துக்கு முன்னால் சிவப்பு மின்விளக்கு, சர்க்கரை அளவு பார்க்க வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பெரியவர்கள். அவர்களுக்கு நடுவில் நான் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, துப்பட்டாவில் எதையும் முடிந்து எடுத்து வரவில்லை என்று உதறிக் காட்டிவிட்டு, கோப்பையோடு கழிப்பறைக்குள் போனேன். உள்ளே வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. சிறுநீரில் தண்ணீர் கலந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடாம். கோப்பையின் வெளிப்புறத்தில் சூட்டைக் காட்டும் சிறு ஒட்டுப்பட்டை. வீட்டிலிருந்து யாருடைய சிறுநீரையோ கொண்டு வந்துவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

அதே கோப்பையின் பக்கவாட்டில் பத்துக் காகிதப் பட்டைகள். கொரோனாச் சோதனையும் கர்ப்பச் சோதனையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ்க் கணக்கு. இங்கே இரண்டாவது கோடு விழுந்தால் நல்லது. மருந்து இருந்தால் கோடு விழாது. ஒன்பது பட்டைகளில் விழுந்தது. பார்பிட்டுரேட் என்று குறித்திருந்த பட்டையில் விழவில்லை. அங்கிருந்த பெண் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கைபேசியில் படம் எடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

விழாது என்று எனக்கு முன்பே தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து நான் பீனோபார்பிட்டோன் சாப்பிடுகிறேன். பார்பிட்டுரேட் வகையைச் சேர்ந்த, வலிப்பு நோய்க்கான மாத்திரை. 60 மில்லிகிராம், இரவு ஒன்பதரை மணிக்கு.

ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடத்தின் நடுவே முதன்முறையாக விழுந்தேன். கண் விழித்தபோது உள்ளங்கையில் தலைமையாசிரியரின் சாவிக்கொத்து இருந்தது. இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் ஊரில் அப்போதும் நம்பினார்கள், இப்போதும் நம்புகிறார்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும், பெயர் சாவிக்குப் போய்விடும். அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைதான் உண்மையில் நிறுத்தியது. 1912 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்பட்டு வரும் மருந்து அது. இன்றைக்கும் மிக மலிவான வலிப்பு மருந்துகளில் ஒன்று. அம்மா அந்த மாத்திரைப் பட்டையை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருப்பார். விருந்தாளிகள் வந்தால் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். இந்து திருமணச் சட்டத்தில் அடிக்கடி வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்தார்கள். 1999இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டத்திலிருந்து நீக்கியதை என் அத்தைமார் வாயிலிருந்து நீக்க முடியவில்லை.

இவ்வளவு பொத்திப் பொத்திக் காத்ததை உங்கள் அலுவலகம் ஒரே மின்னஞ்சலில் அவிழ்த்துவிட்டது. "போதைப்பொருள் சோதனை முடிவு: தேர்ச்சி பெறவில்லை" என்று தலைப்பு. கீழே என் பெயர், ஊழியர் எண். பிரதி யார் யாருக்கு என்று எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். அதில் இரண்டு பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒருவர் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர். விடுமுறையில் இருக்கும் மேலாளருக்குப் பதிலாக அவர் பெயரைச் சேர்த்திருந்தார்கள்.

அன்று மாலை மனிதவளத் துறையிலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். கெட்ட பையன் இல்லை, குரலிலேயே கூச்சம் தெரிந்தது. "மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்... நீங்கள் ஏதாவது பழக்கம்..." என்று இழுத்தார். மாத்திரையைச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். அதையும் சொன்னேன். சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் சாம்பிள் கொடுத்துவிடுங்கள் மேடம், சரியாகிவிடும் என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள்" என்றார்.

இந்த மடலில் வேறு எதையும் நீங்கள் படிக்காவிட்டாலும் இந்த இடத்தை மட்டும் படியுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வலிப்பு திரும்பக்கூடும். சில சமயம் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல் வரும். மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விடுகிற, உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது. பார்பிட்டுரேட் வகை மருந்துகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். என் மருத்துவர் ஒருமுறை இந்த மாத்திரையைக் குறைத்துப் பார்த்தார். கால் மாத்திரை கால் மாத்திரையாக, மாதக்கணக்கில். இரண்டாவது மாதமே பேருந்து நிறுத்தத்தில் விழுந்தேன். முன்பல் ஒன்று உடைந்தது. இப்போது இருப்பது கட்டிய பல். அவரே தயங்கித் தயங்கிச் செய்ததை உங்கள் முகமை "ஒரு வாரம்" என்று தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டது.

அந்த யோசனையால் கோப்பையைக்கூட ஏமாற்ற முடியாது என்பது இன்னொரு வேடிக்கை. பீனோபார்பிட்டோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று நான்கு நாளாகும். சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். ஒரு வாரம் மாத்திரையில்லாமல் உயிரைப் பணயம் வைத்துவிட்டு வந்தாலும் பட்டையில் கோடு விழாது.

இனி என் தொழில் பாஷையில் பேசுகிறேன். இங்கே இரண்டு வேறு பிழைகள் இருக்கின்றன. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

ஒன்று, என்னுடையது. பட்டை பொய் சொல்லவில்லை. பார்பிட்டுரேட் இருக்கிறது என்றது, இருக்கிறது. அது ஏன் இருக்கிறது என்று பட்டைக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளும் வேலையும் அதற்கு இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கும் போதைக்கு வாங்கிய மருந்துக்கும் சிறுநீரில் ஒரே முகம்தான். இன்னொன்று, பட்டையே ஆளை மாற்றிச் சொல்வது. அந்தக் காகிதத்தில் இருப்பது ஓர் எதிர்ப்பொருள். வடிவத்தை வைத்து மருந்தை அடையாளம் காண்கிறது. சாயலில் ஒத்திருக்கும் வேறொன்று வந்தாலும் சில சமயம் ஏமாந்துவிடும். இருட்டில் உறவுக்காரர் என்று நினைத்து யாரையோ கூப்பிடுவதில்லையா, அது போல.

காசநோய்க்கு மாதக்கணக்கில் சாப்பிடும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். சில வகைச் சோதனைகளில் அது அபின் வகையாகவும் தெரியும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎபிட்ரின், ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருள் போலத் தெரியலாம். நெஞ்செரிச்சலுக்கு உங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் வெறும் வயிற்றில் விழுங்கும் பான்டோபிரசோல் கஞ்சாச் சோதனையில் தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும் என்று அமெரிக்காவில் அதன் மருந்துக் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் தூக்க மருந்து போலத் தெரியலாம். எச்.ஐ.வி. சிகிச்சையில் நெடுங்காலம் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் கஞ்சாவாகத் தெரியலாம். இந்தக் கடைசி இரண்டையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தான் கஞ்சா அடிப்பவர் இல்லை என்று காட்டுவதற்கு ஒருவர் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்ல வேண்டிய நிலைமை. எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது. உங்கள் விண்ணப்பப் படிவத்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

கசகசாவை விட்டுவிட்டால் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. கல்யாண வீட்டு வெள்ளைக் குருமாவில் தேங்காயோடு அரைத்துப் போடுகிறோமே, அது கசகசாச் செடியின் விதை. அபின் எடுப்பதும் அந்தச் செடியிலிருந்துதான். அபினில் உள்ள மார்ஃபின் விதையிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சமையல் அளவில் அது போதை தராது, சிறுநீரில் மட்டும் எட்டிப் பார்க்கும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கசகசாவைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது ஊரறிந்த செய்தி. அமெரிக்காவிலும் கசகசா தூவிய ரொட்டியால் இதே தொல்லை. அதனால்தான் அங்கே 1998இல் அபின் வகைக்கான வரம்பை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தினார்கள். பழைய 300 வரம்போடு வரும் கோப்பைகள் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. உங்கள் முகமை வாங்குவது எந்தக் கோப்பை என்று உங்களில் யாராவது கேட்டதுண்டா?

எங்கள் வேலையில் தானியங்கிக் கருவி ஒரு பிழையைக் காட்டினால் உடனே யாரையும் தூக்கிலிட மாட்டோம். முதலில் அதே பிழை மறுபடியும் வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் அது பிழைதானா, அல்லது அந்த இடத்தில் அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்போம். அதன் பிறகுதான் எழுதுவோம். ஒரு பொத்தானின் நிறம் மாறியிருந்தால்கூட இவ்வளவும் உண்டு. என் பெயர் ஏழு பேருக்குப் போவதற்கு முன் இதில் எதுவும் நடக்கவில்லை.

"அமெரிக்கச் சட்டம் மேடம், நாங்கள் என்ன செய்வது" என்றார் அந்த இளைஞர். எந்தச் சட்டம் என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார். ஒப்பந்தத்தைக் காட்ட முடியாது என்றும் சொன்னார். ஆகவே நானே உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் அரசு அலுவலகங்களுக்குள் பரவியது 1986இல் அதிபர் ரீகன் போட்ட ஓர் ஆணையால். 1988இல் வந்த போதைப்பொருளற்ற பணியிடச் சட்டம் கொள்கை வகுக்கச் சொல்கிறதே தவிர, யாருடைய சிறுநீரையும் கேட்கவில்லை. லாரி, ரயில், விமானம் ஓட்டுபவர்களுக்குப் போக்குவரத்துத் துறையின் விதிகள் தனியாக இருக்கின்றன, மிகக் கண்டிப்பானவை. அந்தக் கண்டிப்பான விதிகளில் நெடுங்காலமாக உள்ளவை ஐந்து வகைகள்: கஞ்சா, கொக்கைன், அபின் வகை, ஆம்ஃபெட்டமின், மாயத்தோற்றம் தரும் பி.சி.பி. பார்பிட்டுரேட் அதில் இல்லை, தூக்க மருந்துகளும் இல்லை. 36 டன் லாரியை நெடுஞ்சாலையில் ஓட்டுபவரின் கோப்பையில் தேடாததை, சோழிங்கநல்லூரில் நாற்காலியில் உட்கார்ந்து கணினி எலியை நகர்த்தும் என் கோப்பையில் தேடுகிறீர்கள். லாரி ஓட்டுநரின் வலிப்பு நோயை அங்கே தனியாக ஒரு மருத்துவத் தகுதிச் சோதனையில் பார்க்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்ப்பவர் மருத்துவர். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த விதிகளில் லேபுக்கும் முதலாளிக்கும் நடுவே ஒரு மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். மருத்துவ மறுஆய்வு அலுவலர் என்று பெயர். முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் லேப் அத்தோடு நிறுத்துவதில்லை. மூலக்கூறை எடையால் அடையாளம் காணும் கருவியில் இரண்டாவது சோதனை செய்கிறது. அதிலும் பாசிட்டிவ் என்றால் செய்தி அந்த மருத்துவருக்குப் போகிறது. அவர் ஊழியரை அழைத்து, "இதற்கு மருத்துவக் காரணம் உண்டா?" என்று கேட்கிறார். மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிறார். சரியாக இருந்தால் முதலாளிக்கு அவர் அனுப்பும் சொல் ஒன்றே ஒன்று: நெகட்டிவ். நோயின் பெயர் போகாது. ஓட்டுகிற வேலைக்கு அந்த மருந்து ஆபத்து என்று அவர் கருதினால் மட்டும் அதைத் தெரிவிக்கலாம். அவர் முடிவு சொல்லும் வரை ஊழியரை வேலையிலிருந்து ஒதுக்கி உட்கார வைக்கவும் பொதுவாக அனுமதி கிடையாது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்கும் கட்டமும் அங்கே இல்லை. வேண்டுமானால் உங்கள் பிரதியின் பின்பக்கத்தில் உங்கள் நினைவுக்காக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மற்ற பிரதிகளில் எழுதாதீர்கள் என்று அந்தப் படிவமே சொல்லி வந்திருக்கிறது. நம் படிவத்திலோ "கடந்த 30 நாட்களில் உட்கொண்ட மருந்துகள்" என்பதுதான் முதல் கேள்வி.

அங்கேயும் தனியார் நிறுவனங்கள் எல்லாம் இப்படி ஒழுங்காகச் செய்வதில்லை, அது வேறு கதை. ஆனால் நீங்கள் அமெரிக்காவைக் காட்டித்தானே என்னை அனுப்பினீர்கள்? கோப்பையை இறக்குமதி செய்தவர்கள் மருத்துவரையும் சேர்த்து இறக்கியிருக்கலாம். அவர் சம்பளம் கூடுதல் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

விமானிகளுக்கும் ரயில் ஓட்டுநர்களுக்கும் சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. நம் நாட்டில் விமானிகளுக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் 2022 ஜனவரி 31 முதல் போதைப்பொருள் சோதனை விதி நடைமுறையில் இருக்கிறது. அதில்கூட முதல் சோதனையோடு முடிவு கட்டுவதில்லை, உறுதிப்படுத்தும் சோதனை உண்டு. மாறாக, கருவி சொல்வதே வேதவாக்கு என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு ரயில்வேயில் ஒரு சம்பவம் நடந்தது. மூச்சுச் சோதனையில் தவறாகச் சாராயம் காட்டுகிறது என்று 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் கோட்டத்தில் ரயில் ஓட்டுநர்கள் இளநீர், சில வகைப் பழங்கள், இருமல் மருந்து, ஹோமியோபதி மருந்து எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கருவியைச் சரிபார்ப்பதைவிட இளநீரைத் தடை செய்வது யாருக்கோ எளிதாகத் தோன்றியிருக்கிறது. "ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துங்கள்" என்றதும் அதே மூளைதான்.

சட்டம் பேசி உங்களை மிரட்டும் எண்ணம் எனக்கு இல்லை. தனியார் மென்பொருள் ஊழியரின் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இந்த நாட்டில் இல்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே மருத்துவப் பயன்பாட்டை விலக்கித்தான் வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 21 வகைகளில் வலிப்பு நோய் தனியாக இடம்பெறவில்லை. அதனால் அந்தக் கதவைத் தட்டும் வழியும் என் போன்றவர்களுக்கு நேராகத் திறந்திருக்கவில்லை. உங்கள் நியாய உணர்வைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

"மருந்து சாப்பிட்டால் மந்தமாக இருக்குமே" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்களாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஏழாம் வகுப்பில் முதல் மூன்று மாதம் மதியப் பாடவேளைகளில் மேசையில் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். உடல் பிறகு பழகிக்கொண்டது. பதினெட்டு ஆண்டு வேலைக் குறிப்பு உங்களிடமே இருக்கிறது. மந்தமா இல்லையா என்று அதைப் பார்த்துச் சொல்லுங்கள், கோப்பையைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

நரம்பியல் மருத்துவரின் கடிதத்தை மூன்றாம் நாளே கொடுத்தேன். அதை ஏற்றுக்கொள்ள ஆறு வாரம் ஆனது. அதற்குள் என் இடத்துக்கு வேறொருவர் போய்விட்டார். நான் பெஞ்சில், அதாவது எந்த வேலையும் ஒதுக்கப்படாமல், உட்கார்ந்திருந்தேன். உணவகத்தில் என் தட்டுக்கு எதிரே வந்து உட்காருபவர்கள் குறைந்தார்கள். "என்னாச்சு அக்கா?" என்று நேராகக் கேட்டது ஒரே ஒரு பெண், என் குழுவின் கடைக்குட்டி. அவளுக்கு மட்டும் சொன்னேன். மற்றவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. தேர்ச்சி பெறவில்லை என்ற அந்த மின்னஞ்சலைத் திருத்தி இன்னொரு மின்னஞ்சல் அதே ஏழு பேருக்கும் போகவில்லை. அது இப்போதும் போகலாம்.

மற்றபடி நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. முகமையோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு மருத்துவரையும் உறுதிப்படுத்தும் சோதனையையும் அதில் எழுதி வாங்குங்கள். பாசிட்டிவ் என்ற சொல் அந்த மருத்துவரைத் தாண்டி உங்கள் கட்டடத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வகை எதற்கு என்று வாடிக்கையாளரிடம் ஒருமுறை கேளுங்கள். யாரோ எப்போதோ நகலெடுத்து ஒட்டிய வரியாகத்தான் பெரும்பாலும் இருக்கும், எங்கள் நிரலிலும் அப்படிப்பட்ட வரிகள் நிறைய உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மருத்துவர் அல்லாத எவருக்கும் இல்லை என்று உங்கள் துறைப் பிள்ளைகளுக்கு எழுத்தில் கொடுங்கள். அந்த இளைஞரைத் தண்டிக்க வேண்டாம். யாரோ சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் சொன்னார்.

புதிய வேலை ஒன்றுக்காக வரும் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு என்னை மறுபடியும் அதே மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன். படிவத்தில் மருந்துகளைக் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடுவேன். ஒன்பது பட்டைகளில் கோடு விழும், ஒன்றில் விழாது. அதன் பிறகு ஒரு மருத்துவரை என்னை அழைக்கச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் பேச வசதியாக இருக்கும். ஒன்பதரைக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது, அதன் பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் சோதனையாளர்,
சென்னை.